வெள்ளைக் கலர் வண்டி

முன்னால் எட்டு வண்டி, பின்னால் கண்ணாடியில் தெரிகிறவரைக்கும் ஐந்து, அதற்கப்புறம் தெரு வளைந்துவிடுகிறது, வளைவுக்கு அந்தப் பக்கம் எத்தனையோ. நடுவில் ஒரு சிவப்பு. அதோ ஒரு சாம்பல். மற்றதெல்லாம் வெள்ளை. குணசீலன் மூன்றாவது தடவையாக எண்ணி முடித்துவிட்டு வண்டிக் கடிகாரத்தைப் பார்த்தான். பன்னிரண்டு ஏழு. பன்னிரண்டரைக்கு மணி அடிக்கும். மணி அடித்தால் பிள்ளைகள் வருவார்கள், பிள்ளைகளோடு சாதனா வருவாள், வந்து அவளாக இந்த வண்டியைக் கண்டுபிடித்து ஏற வேண்டும். பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிற புதுச் சட்டம் அப்படி. போன மாசம் வரைக்கும் பெற்றவர்கள் எல்லோரும் கேட்டுக்கு முன்னால் கூட்டமாக நின்றார்களாம், கணபதி போகிற பஸ்ஸெல்லாம் நகர முடியாமல் மாட்டிக்கொண்டதாம், போலீஸ்காரர் வந்து சத்தம் போட்டாராம். அதனால் இப்போது காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வண்டிகள் வரிசையாக நிற்க, பெற்றவர்கள் உள்ளேயே உட்கார்ந்திருக்க, பிள்ளைகள் அவரவர் வண்டியைத் தேடி ஏறிக்கொள்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், பிள்ளைக்கு வண்டியைத் தெரியும் என்றால். சாதனா இந்த வண்டியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அப்பனைப் பார்த்தே பதினாலு மாசம் ஆகிறது. மாசத்தில் முதல் சனிக்கிழமை, பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிறவரைக்கும் மகள் அப்பனோடு என்று கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்கள். இதுதான் அந்த முதல் மாசத்து முதல் சனிக்கிழமை.

"என்ன வண்டி?" என்று நேற்றுச் சாயங்காலம் சாதனாவின் அம்மா சுகந்தி ஃபோனில் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, சிலிண்டர் புக் பண்ணுகிற இடத்தில் பேசுகிற குரலில் கேட்டாள். வெள்ளைக் கலர் என்றான். "ஊரே வெள்ளையாத்தானுங்க ஓடுது. அடையாளமா ஏதாச்சும் சொல்லுங்க, புள்ளைகிட்டச் சொல்லோணுமில்ல?" அடையாளம். அவன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டே படியிறங்கிப் போய் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான், சத்தியமாகப் போய்ப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை, ஒரு நெளிசல் இல்லை. ஒன்பது மாசமாக ஓட்டுகிற வண்டி, எடுத்த அன்றைக்கு இருந்த மாதிரியே, பக்கத்து வீட்டுக்காரர் வண்டி மாதிரியே, எதிர்வீட்டு டாக்டர் வண்டி மாதிரியே நின்றது. ஒண்ணுமில்ல, சாதாரண வெள்ளைதான் என்றான். "சரி, நம்பரை அனுப்பி உடுங்க" என்று வைத்துவிட்டாள். அனுப்பினான். இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. பதில் எதற்கு, நம்பர் போய்ச் சேர்ந்ததல்லவா. இருந்தாலும் நாலைந்து தடவை ஃபோனை எடுத்து, தான் அனுப்பிய நம்பரைத் தானே வாசித்தான். ஆறு ஒன்று நாலு ஏழு. ஏழரை வயசுப் பிள்ளைக்கு நாலு இலக்கம் ஞாபகம் இருக்குமா? எழுதப் பழகின காலத்தில் ஆறையும் ஒன்பதையும் மாற்றிப் போடுவாள். ஒன்பது ஒன்று நாலு ஏழு என்று எவனாவது வந்து நின்று தொலைத்தால்? கடவுளே. இப்போது அந்த நினைப்பு மறுபடியும் வந்து, சீட்டிலிருந்து எக்கி முன்னால் நிற்கிற வண்டிகளின் நம்பர்களைப் படிக்கப் பார்த்தான். முன் வண்டியுடையதுதான் தெரிந்தது. ஸ்டிக்கராவது ஒட்டியிருக்கலாம். அதற்கும் போனானே, போன வாரம். கடைக்காரர் ஆல்பத்தைத் திறந்து காட்டினார். பட்டாம்பூச்சி, புலி, சிறகு, பாப்பா பேரை வளைத்து எழுதி மேலே ஒரு கிரீடம். "இதானுங்க இப்ப எல்லாரும் ஒட்டறாங்க" என்றார். எல்லோரும் ஒட்டுகிறதை ஒட்டி என்ன அடையாளம் வேண்டிக்கிடக்கிறது? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டான். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறான்.

இதில் கொடுமை என்னவென்றால், வெள்ளையைப் பற்றிக் குணசீலனுக்குத் தெரிந்த அளவு இந்தக் கோயம்புத்தூரில் இன்னொருத்தனுக்குத் தெரியாது. சத்தி ரோட்டில் ஒரு பட்டறையில் கலர் மேட்ச் பண்ணுகிறவன் அவன். அடிபட்டு வருகிற வண்டிக்குக் கதவோ பானெட்டோ மாற்றினால், மாற்றின இடமே தெரியாத மாதிரி பெயின்ட் கலக்க வேண்டும், அதுதான் வேலை, பதினெட்டு வருஷமாக அதுதான். கம்பெனிக்காரன் வெள்ளை என்று ஒரே பேரில் கொடுத்துவிடுவான். மூன்று வருஷம் வெயிலில் நின்ற வெள்ளை வேறு, நிழலில் நின்ற வெள்ளை வேறு. ஒரு சொட்டு மஞ்சள், ஒரு பொட்டுக் கறுப்பு, துளி நீலம் என்று கலக்கி, தகரத் துண்டில் அடித்து, வெயிலில் கொண்டுபோய் வண்டியோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பான். பால் வெள்ளை, மோர் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை, வேட்டி வெள்ளை, முத்து வெள்ளை என்று அவனாக வைத்த பேர்களே நாற்பது இருக்கும். அதோ மூன்றாவது வண்டிக்கு டிக்கி மட்டும் மாற்றியிருக்கிறார்கள், கலக்கினவன் அவசரக்காரன். ஆறாவது முத்து வெள்ளை. தன்னுடையது பால் வெள்ளை. எல்லாம் தெரிகிறது, ஆனால் அவனுக்கு மட்டும்தானே தெரிகிறது. வண்டி எடுக்க வருகிறவர்கள் கதவைத் தடவிப் பார்த்து, "எங்க அடிபட்டுச்சுன்னே தெரியலீங்க" என்பார்கள். அவனுக்குக் கிடைக்கிற பாராட்டு அதுதான், அதைக் கேட்டுக் கேட்டுப் பதினெட்டு வருஷம் பூரித்துப்போயிருக்கிறான். வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கதை இருக்கும். புளியமரத்தில் மோதினது, புது மாப்பிள்ளை ஓட்டிப் பழகினது, கல்யாண மண்டபத்துத் தூணில் உரசினது. அத்தனையையும் துடைத்து, நீயும் மற்றவன் மாதிரிதான் போ என்று தாட்டிவிடுகிறதுதான் தன் பிழைப்பு என்று இந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது முதல் தடவையாகத் தோன்றியது. தோன்றினது அவனுக்குப் பிடிக்கவில்லை. ஏசியை ஒரு புள்ளி கூட்டினான், பிறகு குறைத்தான்.

பழைய வண்டி இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. அது பச்சை. யாரோ ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர் ஓட்டி ஓட்டி, வெளுத்து வேப்பங்காய் நிறத்துக்கு வந்துவிட்ட பச்சை. பின்பக்கம் இடதுகைக் கதவு மட்டும் நீலம். சாதனாவுக்கு இரண்டு வயசு நடக்கும்போது ஒரு லாரி அந்தக் கதவை நசுக்கிவிட்டுப் போய்விட்டது, உக்கடத்தில் பழைய சாமான் கடையெல்லாம் அலைந்ததில் நீலக் கதவுதான் கிடைத்தது. இரண்டே நாளில் பச்சை அடித்துவிடலாம் என்றுதான் மாட்டினான். மாட்டின அன்றைக்கே அந்தக் கழுதை தத்தித் தத்தி வந்து கதவில் கையை வைத்து, "இது என்ற கதவு" என்று தன்னுடையதாக்கிக்கொண்டுவிட்டது. அதோடு சரி, பெயின்டும் இல்லை கியின்டும் இல்லை. வேறு கதவு வழியாக அவள் ஏற மாட்டாள். கொட்டுகிற மழையிலும் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து நீலக் கதவைத் திறந்துதான் ஏறுவாள். "ஊரான் ஊட்டு வண்டிக்கெல்லாம் பளபளன்னு சாயம் பூசறீங்க, நம்ம வண்டியப் பாருங்க, ஒட்டுப் போட்ட கோவணமாட்ட" என்று சுகந்தி தலையில் அடித்துக்கொள்வாள். அவள் வேலை செய்கிற ஆபீஸ் வாசலுக்கு அந்த வண்டியைக் கொண்டுவரவே கூடாது, தெருமுனையிலேயே நிறுத்திவிட வேண்டும். ஆனால் அதிலும் ஒரு சௌகரியம் இருந்தது. உங்க வண்டிய நேத்து காந்திபுரத்துல பாத்தேனுங்க, உங்க வண்டிய ஆஸ்பத்திரிகிட்டப் பாத்தேனே, யாருக்கு என்ன என்று யாராவது வந்து கேட்பார்கள். அவனைப் பார்த்ததாக ஒருத்தரும் சொன்னதில்லை, வண்டியைப் பார்த்ததாகத்தான் சொல்வார்கள். அதனால் என்ன குறைந்துவிட்டது? வண்டிக்குள் அவன்தானே இருந்தான். இந்த ஒன்பது மாசத்தில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், உங்களை அங்கே பார்த்தேன் இங்கே பார்த்தேன் என்று சொல்லவில்லை. கோயம்புத்தூர் முழுக்கச் சுற்றுகிறான், எங்கேயும் போகாத மாதிரி இருக்கிறது.

விற்கும்படி ஆனதும் ஒரு வார்த்தையால்தான். சுகந்தியின் வக்கீல் மனுவில் எழுதியிருந்தார், குழந்தையை ஏற்றிச் செல்லத் தகுதியற்ற, பழுதடைந்த, இரு நிறமுள்ள வாகனம் என்று. இரு நிறமுள்ள. கோர்ட் வராந்தாவில் நின்று குணசீலன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். பழுது என்றால் சரி, இரு நிறம் எப்படிக் குற்றமாகும்? ஐயா, அந்த நிறம் என் மகள் கேட்ட நிறம் என்று எழுந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் அவனுக்கு மூன்று நாள் கழித்துக் குளிக்கும்போதுதான் வாயில் வரும், அதற்குள் தண்ணீர் ஆறிப்போயிருக்கும். அடுத்த வாய்தாவுக்குள் புது வண்டி எடுத்து ஆர்சி புத்தகத்தைக் காட்டிவிடலாம் என்று அவனுடைய வக்கீல் சொன்னார். ஷோரூமில் ஒரு பொண்ணு கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, "வெள்ளைன்னா நாளைக்கே எடுத்துக்கலாங்க சார், மத்த கலர்னா மூணு மாசம் ஆகுங்க" என்றது. பச்சை இருக்குதுங்களா என்று மெதுவாகக் கேட்டான். "பச்சையெல்லாம் இப்ப யாரு சார் வாங்கறாங்க" என்று சிரித்தது, பாவம், நல்ல பொண்ணுதான். வாய்தா இருபது நாளில் இருந்தது, வெள்ளையையே எடுத்தான். ஓட்டிக்கொண்டு வெளியே வந்து முதல் சிக்னலில் நின்றால் இடதுபக்கம் ஒன்று, வலதுபக்கம் ஒன்று, அதே வண்டி, அதே வெள்ளை. மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி சிவப்பு விளக்கைப் பார்த்தார்கள். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போக இடமில்லாமல் ஒரு பெரிய ஷாப்பிங் மாலுக்குப் போய், ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்து, அடித்தளத்துப் பார்க்கிங்கில் வண்டியை எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் அரை மணி நேரம் அலைந்தான். சாவியை அமுக்கிக்கொண்டே நடந்தான். நாலு வரிசை தள்ளி ஏதோ ஒன்று இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டியது. நம்மைத் தெரிந்தது ஒன்றாவது இருக்கிறதே என்று அந்த வண்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். இதையெல்லாம் யாரிடம் சொல்வது, சொன்னால் சிரிப்பார்கள்.

பன்னிரண்டு பத்தொன்பது. எங்கெங்கோ சுற்றிவிட்டு மனசு கடைசியில் அந்த ஒரே இடத்துக்குத்தான் வந்து முட்டியது, காலையிலிருந்து அவன் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்த இடம். அவளுக்கு வண்டியைத் தெரியாது, சரி. அவனுக்கு அவளைத் தெரியுமா? சே, இது என்ன கேள்வி, பெற்ற பிள்ளையைத் தெரியாமல் போகுமா. ஆனால் கேள்வி போகவில்லை. ஆறு வயசில் பார்த்த முகம் அது. சுகந்தி இந்த ஊருக்குத் திரும்பி வருகிறதுக்கு முன்னால் ஈரோட்டில் அண்ணன் வீட்டில் போய் இருந்த அத்தனை மாசமும் வாரத்துக்கு ஒரு வீடியோ கால். அதில் பெரும்பாலும் ஓடுகிற மின்விசிறி தெரியும், அதற்குக் கீழே பாதி நெற்றி தெரியும். சாப்ட்டியா கண்ணு? ம். ஸ்கூல் போனியா? ம். அம்மா எங்க? இங்கதான். அவ்வளவுதான், வேறு என்ன கேட்பதென்று அவனுக்கும் தெரியாது. பல் விழுந்த அன்றைக்கு வாயை அண்ணாத்திக் காட்டினாள், திரை முழுக்க ஒரு ஓட்டை. முடி வளர்ந்திருக்கிறது. உயரம் எவ்வளவு இருப்பாள்? ஃபோனில் உயரம் தெரிவதில்லை. சந்தனச் சட்டை, ஊதா ஃபிராக், ரெட்டைச் சடை, ஊதா ரிப்பன். அந்தக் கேட்டுக்குள் எழுநூறு பிள்ளைகள் இருக்கும் என்றால் முந்நூறு முந்நூற்றைம்பது அதே ஊதா ரிப்பன். நாற்பது வெள்ளையைப் பிரித்துப் பேர் சொல்கிற கண்ணுக்கு ஒரு மகளைப் பிரித்து எடுக்க முடியாதா? முடியும். முடியும் என்றால் உள்ளங்கை ஏன் இப்படி வியர்க்கிறது? அவள் வந்து, தேடி, கிடைக்காமல், நடுத்தெருவில் நின்று அழுதால், மிஸ் உடனே சுகந்திக்கு ஃபோன் போடுவார், சுகந்தி ஆபீசிலிருந்து ஓடி வருவாள், தந்தையை அடையாளம் காண இயலாத நிலை என்று அந்த வக்கீல் அழகான தமிழில் ஒரு வரி எழுதுவார், கிடைத்த ஒரே சனிக்கிழமையும் போய்விடும். போனால் அப்புறம் ஒன்றும் இல்லை. பட்டறை, வீடு, வெள்ளை வண்டி. "உங்ககூட இருக்கறதும் தனியா இருக்கறதும் எனக்கு ஒண்ணாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிவிட்டுத்தான் சுகந்தி போனாள். சண்டை போடவில்லை, சொல்லிவிட்டுத் துணியை மடித்தாள். அவள் பேசின நாளெல்லாம் அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், ஒரு வார்த்தை விடாமல் கேட்டான். கேட்கிறான் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அவனுக்குத் தெரியாமல் போய்விட்டது. சாதனாவுக்கு முகமாவது தெரியட்டும் என்று இடதுபக்கத்து முன் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டான். அனல் உள்ளே வந்து முகத்தில் அடித்தது.

மணி அடித்தது. இரும்புக் கேட்டை இரண்டு ஆயாக்கள் சேர்ந்து தள்ள, சந்தனமும் ஊதாவுமாக வெளியே கொட்டியது. அடேங்கப்பா, என்ன கூச்சல். குணசீலன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வருகிற முகத்தையெல்லாம் பார்த்தான். இவளா? இல்லை. இவளா? இவள் உயரம். அதோ அந்த ஒல்லிப்பிள்ளை, அவளேதான், இல்லை, காதில் ஜிமிக்கி. அந்தக் குட்டையான பிள்ளை? ஒரு நொடி எல்லா முகத்திலும் சாதனா இருக்கிறாள், அடுத்த நொடி ஒருத்தியிடமும் இல்லை. சிவப்பு வண்டிக்காரரின் மகன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நேராக வந்து சிவப்பு வண்டியில் ஏறினான், கொடுத்துவைத்தவன். இரண்டு பிள்ளைகள் ஒவ்வொரு கண்ணாடியாக மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொண்டு வந்தன. கேட் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தவனுக்குப் பின்னால், இடதுகைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

"அப்பா, ஏசிய நல்லா வைங்க, வேகுது" என்றது ஒரு குரல். பை ஒன்று சீட்டில் தொப்பென்று விழுந்தது, கதவு சாத்திக்கொண்டது. வந்துவிட்டாள். ஒரு சிக்கலும் இல்லாமல், நேராக, தன்னுடைய வண்டிக்கு வருகிற மாதிரி வந்துவிட்டாள். இத்தனை நேரம் பைத்தியக்காரன் மாதிரி என்னென்னவோ நினைத்தோமே. ஏசியைத் திருகினான். கண்ணாடியில் பார்த்தால் அவள் குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள், நேரான வகிடும் இரண்டு ரிப்பனும்தான் தெரிந்தன. திரும்பிப் பார்க்கலாம். திரும்பினால் கட்டாயம் அழுதுவிடுவான், வந்ததும் வராததுமாக அப்பன் அழுதால் பிள்ளை மிரண்டுபோகும். அதனால் முன்னாலேயே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவள் மூச்சுவிடாமல் பேசினாள். "இன்னிக்கு என்னாச்சு தெரியுமாப்பா, ஹர்ஷிதா டிபன் டப்பாவத் தொறக்கறா, உள்ள பூராம் எறும்பு, எறும்புன்னா செவப்பெறும்பு, அவ கத்தறா, மிஸ்ஸும் கத்தறாங்க, நாங்கெல்லாம் பெஞ்சு மேல ஏறிட்டோம்." வாரம் தவறாமல் ம் என்று மட்டும் சொன்ன வாயா இது? ஃபோனில் வராத பேச்சு நேரில் எப்படிக் கொட்டுகிறது பார். கண் தளும்பிவிட்டது அவனுக்கு, துடைத்தால் தெரிந்துவிடுமென்று அப்படியே விட்டான். "நான் மட்டும் எறங்கி டப்பாவத் தூக்கி வெளிய வச்சுட்டேன், மிஸ் எனக்கு ஸ்டார் குடுத்தாங்க. வீட்டுக்குப் போனதும் தம்பிகிட்டக் காட்டோணும். தூங்கிட்டிருந்தான்னா எழுப்பிருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

தம்பி. சாதனாவுக்குத் தம்பி கிடையாது. அந்த இடத்தில் குணசீலனுக்குத் தெரிந்துவிட்டது, அதில் ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை, சந்தேகமறத் தெரிந்துவிட்டது. இதே வரிசையில் நிற்கிற வேறு எவரோ ஒருத்தருடைய மகள் இது, ஷூ லேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், தன் அப்பனிடம் பேசிக்கொண்டிருக்கிறது. கண்ணு, வண்டி மாறி ஏறிட்ட, எறங்கு சாமி. சொல்லி முடிக்க ஒரு நொடி ஆகாது. சொல்ல வாயைத் திறந்தான். திறந்தால், சொன்னதும் இந்தப் பேச்சு நின்றுவிடும் என்று பட்டது. பதினாலு மாசமாக இந்தத் தலைக்குப் பின்னால் அப்பா என்று ஒரு சத்தம் இல்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் இருந்துவிட்டுப் போகட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம். "அப்புறம்?" என்றான். கட்டின பெண்டாட்டியிடம் ஒரு நாளும் கேட்காததை, பெற்ற மகளிடம் கேட்கத் தெரியாததை, யாரோ ஒரு பிள்ளையிடம் கேட்டான். "அப்புறம் என்ன, அந்த எறும்பெல்லாம் வரிசையா ஜன்னல் வழியாப் போயிருச்சு, ஹர்ஷிதாவுக்கு நான் என்ற தோசைய பாதி குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே அவள் ஒரு ஷூவைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் இவன் கண்ணைப் பார்த்தன.

"எங்கப்பா கண்ணாடி போட்டிருப்பாங்க" என்றாள், ரொம்ப மெதுவாக.

"தப்பா ஏறிட்ட கண்ணு, பயப்படாத, உங்கப்பா வண்டி இங்கதான்" என்று அவன் திரும்புவதற்குள் பையை வாரிக்கொண்டு, ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் சாக்ஸுமாகக் கதவைத் தள்ளிக்கொண்டு இறங்கி ஓடிவிட்டாள். பின்னால் மூன்றாவது வண்டியிலிருந்து யாரோ ஹாரன் அடித்து அவளைக் கூப்பிட்டார்கள். குணசீலன் பெருமூச்சு விட்டுவிட்டு முன்பக்கம் திரும்பினான். இறக்கிவிட்டிருந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை எட்டுகிற தூரத்தில், சாதனா நின்றுகொண்டிருந்தாள். உள்ளங்கையை விரித்துப் பிடித்திருந்தாள், அதில் நீலப் பேனாவில் அவன் வண்டி நம்பர். கீழுதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்தபடி நின்றாள். எழுநூறு என்ன, ஏழாயிரம் ஊதா ரிப்பனுக்கு நடுவில் நின்றாலும் தெரிந்திருக்கும், அப்படி ஒரு நொடியில் தெரிந்தது. இந்த முகத்துக்காகவா இத்தனை நேரம் வியர்த்தோம் என்று இருந்தது அவனுக்கு.

"ஏறு கண்ணு" என்றான்.

அவள் ஏறவில்லை. திறந்திருந்த பின் கதவுக்குள் எட்டிப் பார்த்து, அந்த ஒற்றை ஷூவை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்துபோனாள். திரும்பி வருவாளா மாட்டாளா என்று அவன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வண்டிக்காரரிடம் ஷூவைக் கொடுத்தாள், அவர் ஏதோ கேட்டார், தலையை ஆட்டினாள், வந்தாள். பின்சீட்டில் ஏறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, விருந்துக்கு வந்த வீட்டில் உட்காருகிற மாதிரி சீட்டின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எப்ப சாமி வந்தே?"

"எறும்பு கதை சொல்றப்பவே வந்துட்டேன்."

"அப்பான்னு கூப்புட்டிருக்கலாமில்ல?"

"நீங்க கேட்டுட்டு இருந்தீங்க."

முன்னால் சிவப்பு வண்டி கிளம்பிப் போனது, அதற்குப் பின்னால் நின்றதும் போனது. சாதனா பையின் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடியும் சுருட்டினாள்.

"அவளை நான்னு நெனச்சுட்டீங்களாப்பா?"

ஆமாம் என்றால், அப்பனுக்கு மகளைத் தெரியவில்லை என்று ஆகிறது. இல்லை என்றால், தெரிந்தே இன்னொரு பிள்ளையை உட்காரவைத்துக் கதை கேட்டான் என்று ஆகிறது. எதைச் சொன்னாலும் அவளுக்கு வலிக்கும். பேசாமல் இருந்துவிடலாம், அது அவனுக்குக் கைவந்த வேலை. வண்டியை எடுத்துக்கொண்டு பப்ஸ் வாங்கித் தருகிறேன் என்று பேச்சை மாற்றிவிடலாம். இந்தத் தடவை மூன்று நாள் தள்ளிப்போட்டால் பிள்ளை இருக்க மாட்டாள், நாளைக்குப் பொழுது சாய்ந்தால் போய்விடுவாள்.

"மொதல்ல நீதான்னு நெனச்சேன் கண்ணு. நடுவுல, இல்லைன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சப்புறமும் அப்புறம்னு கேட்டீங்க."

"ஆமா."

"ஏன்?"

"அப்பான்னு கூப்புட்டாளா, கேக்க நல்லாருந்துச்சு. எறங்குன்னு சொல்ல மனசு வரல. தப்புத்தான் சாமி."

சாதனா பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். அழவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. பின்னாலிருந்த வண்டிக்காரர் ஹாரனில் கையை வைத்தார்.

"எனக்கும் உங்களைச் சரியாத் தெரியலப்பா" என்றாள். "உங்களையும் பாத்தேன், முன்னாடி இருக்கற வண்டி அங்கிளையும் பாத்தேன். ரெண்டு பேரும் எனக்கு அப்பா மாதிரியேதான் இருந்தீங்க. நம்பரைப் பாத்துத்தான் இங்க நின்னேன்."

ஹாரன் இரண்டாகி, மூன்றாகியது. குணசீலன் கியரில் வைத்த கையை எடுக்காமல் அப்படியே இருந்தான். எங்கேயோ அடிபட்டது, எங்கே என்று சொல்லத் தெரியவில்லை.

"கொஞ்சம் எறங்கி நில்லுங்கப்பா" என்றாள். "நான் நல்லாப் பாத்துக்கறேன்."

அவன் கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். வண்டியைச் சுற்றி அவள் பக்கமாக வந்து, சுவருக்கும் வண்டிக்கும் நடுவில், உச்சி வெயிலில் நின்றான். கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் முதலில் கட்டிக்கொண்டான், பிறகு தொங்கவிட்டான். எவனோ ஜன்னலில் தலையை நீட்டி, "யோவ், வண்டிய எடுய்யா" என்று கத்தினான். சாதனா கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, தாடையை விளிம்பில் வைத்து, அவன் தலையிலிருந்து ஆரம்பித்தாள். நெற்றி, புருவம், மூக்கு, மீசையில் நரைத்திருந்த இடம். அவள் அவசரப்படவில்லை.